மஞ்சள் பேருந்தின் பின்னால்

சென்ற 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான் அமெரிக்கா புறப்பட்டபோது, வழியனுப்ப வந்த நண்பர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "கொடுத்து வைத்தவர் நீங்கள், கல்விக்கென்றே பிறந்த நாடு அது. நம் பிள்ளைகளில் ஒருவரையாவது அங்கே படிக்க வைக்க வழியுண்டா என்று பார்த்து வாருங்கள்" என்றார். நான் புன்னகைத்தேன். என்னை அங்கே அழைத்திருந்த என் தங்கையின் கோரிக்கை இதற்கு நேர் எதிரானது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "காக்கா, ஒருமுறை வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். சின்னவனை உங்களோடு காயல்பட்டினத்துக்கே அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். மூன்றாம் வகுப்பு வந்துவிட்டான், ஒரு பக்கம் வாசிக்கத் தெரியவில்லை" என்றுதான் அவள் தொலைபேசியில் அழுதிருந்தாள்.

அரபி மதரஸாவில் ஓதிக்கொடுப்பதும், மாலையில் மக்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுவதுமே என் தொழில். கலைக்கல்லூரியில் பெற்ற பட்டம் ஒன்றும் கையில் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வல்லரசின் பள்ளிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் எதிர்காலம் கேள்வியாகி நிற்கும்போது, மாமன் என்ற முறையில் பார்த்துச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

தங்கை குடும்பம் வசிப்பது மிஷிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில். டெட்ராய்ட் மாநகரின் தோளோடு ஒட்டிக் கிடக்கும் ஊர். ஹென்றி ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கார் செய்ய ஆள் தேடிய காலத்தில் லெபனானிலிருந்தும் பிறகு யமன், ஈராக் நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரை நிறைத்திருக்கின்றனர். ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர் என்று 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு கூறுகிறது. வாரன் அவென்யூ என்னும் நெடுஞ்சாலையில் நடந்தால் ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் அரபிப் பலகைகள். அரசுப் பள்ளிகளின் உணவுக்கூடத்திலேயே ஹலால் உணவு கிடைக்கிறது. பெருநாளுக்குப் பள்ளி விடுமுறை.

அங்கே எனக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லெபனானியரின் ரொட்டிக்கடையில் நுழைந்து, பதினெட்டு ஆண்டுகளாக நான் கற்பித்துவரும் இலக்கண சுத்தமான அரபியில் நான்கு ரொட்டி கேட்டேன். அவர் கண்கள் விரிந்தன. பிறகு அன்போடு சிரித்துவிட்டு, திருமறை பேசுவது போலப் பேசுகிறீர்களே என்றார். அடுத்து அவர் இயல்பாகப் பேசிய வாக்கியங்களில் பாதிகூட எனக்கு விளங்கவில்லை. நஹ்வும் ஸர்ஃபும் கரைத்துக் குடித்தவன் ரொட்டிக்கடையில் விழித்துக்கொண்டு நின்றேன். அமெரிக்கக் கல்வியைக் குறைசொல்லக் கிளம்பியபோதெல்லாம் இந்த ரொட்டிக்கடை என் நினைவுக்கு வந்து, குரலைச் சற்றுத் தாழ்த்திவிட்டது.

காலையில் அந்தப் பள்ளிப் பேருந்து வருவதைப் பார்க்க வேண்டும்! நாடு முழுவதும் ஒரே மஞ்சள். 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டில் முடிவான நிறமாம். வண்டி நின்று சிவப்பு விளக்கு மின்னினால் பின்னால் வருகிற வண்டியும் எதிரே வருகிற வண்டியும் அப்படியே நின்றுவிட வேண்டும். பிள்ளை தெருவைக் கடக்கும்வரை ஒரு நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் தோன்றியது. ஒருநாள் அந்த வண்டியின் பக்கவாட்டுக் கதவு திறந்து, தானே இறங்கும் ஒரு மேடை தாழ்ந்தது. சக்கர நாற்காலியில் இருந்த யமன் நாட்டுச் சிறுமி ஒருத்தியை அதில் ஏற்றி, பட்டைகளால் பாதுகாப்பாகப் பிணைத்த பிறகே ஓட்டுநர் வண்டியை எடுத்தார். ஒரேயொரு பிள்ளைக்காக நான்கு நிமிடம்.

எந்தக் குறைபாடுடைய பிள்ளையையும் அரசுப் பள்ளி தள்ளிவிடக் கூடாது என்று 1975இல் அந்நாடு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதி, பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களின் கருத்தையும் கேட்டாக வேண்டும். இன்று 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இச்சட்டத்தின் நிழலில் படிக்கின்றனர். எங்கள் தெருவில் காது கேளாத பையன் ஒருவன் இருந்தான். அவன் வயதில் நாங்களெல்லாம் பள்ளிக்கூடம் போனோம். அவன் திண்ணையில் இருந்தான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் திண்ணை என் கண்முன் வந்தது.

இனித் தங்கையின் மூத்த மகளைப் பற்றி. அவள் பத்தாம் வகுப்பு. இவ்வூரின் ஃபோர்ட்ஸன் உயர்நிலைப்பள்ளியை நான் வெளியிலிருந்து பார்த்தேன். 1928இல் திறக்கப்பட்டது, பழைய ஆங்கிலேய மாளிகைபோல் கல்லால் எழும்பி நிற்கிறது. தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கவென்று இத்தகைய அரண்மனையைக் கட்டிய தலைமுறையை மெச்சத்தான் வேண்டும். மருமகள் படிப்பது வேறொரு பள்ளி. ஒரு மாலை அவள் மேசையில் தாள்களைப் பரப்பிவைத்திருந்தாள். ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு போட்டது நியாயமா என்பது வரலாற்றுப் பாடக் கட்டுரை. அமெரிக்கத் தலைவர்களின் எழுத்து, அறிவியலாளர்களின் மறுப்பு, உயிர் பிழைத்த ஜப்பானியரின் வாக்குமூலம் ஆகிய மூன்றையும் ஆசிரியரே கொடுத்திருந்தார்.

"எந்த விடை சரியென்று உங்கள் ஆசிரியர் சொல்வார்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒன்று கிடையாது மாமா. நான் சொல்வதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறேன் என்றுதான் பார்ப்பார்."

தன் நாட்டின் செயலையே எடைபோடும்படி பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பள்ளிக்கூடம் சொல்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மகளைப் பொறுத்தவரை தங்கைக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு ஏன் மகன் விஷயத்தில் கலங்குகிறாள்?

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு சின்னவனை அருகில் அழைத்து, அவன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கதைப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். தடங்கலின்றி வாசித்தான். எனக்கு வியப்பு. பக்கத்தைத் திருப்பினான், படத்தில் ஒரு கப்பல். அச்சில் இருந்த சொல் 'ஷிப்'. அவன் 'போட்' என்றான். அடுத்த பக்கத்தில் 'ரோடு' என்று அச்சிட்டிருந்ததை 'ஸ்ட்ரீட்' என்று வாசித்தான். பொருள் பிசகவில்லை, எழுத்துதான் பிசகிற்று. நான் படத்தை என் உள்ளங்கையால் மூடினேன். பையன் வாயடைத்துப் போனான். சொல்லைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மீண்டும் என் கைக்கு அடியிலிருந்த படத்தை எட்டிப் பார்க்க முயன்றான். வாசகர்களே, அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. படத்தையும் கதையின் போக்கையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லத்தான் தெரியும். அதையும் திறமையாகச் செய்தான்.

இது ஒரு பிள்ளையின் மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு வேர் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சில மைல் தொலைவிலேயே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. டெட்ராய்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கென் குட்மன், 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், வாசிப்பு என்பதே ஒருவகை ஊக விளையாட்டு என்றார். நல்ல வாசகன் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை, பொருளை ஊகித்துச் செல்கிறான் என்பது அவர் கருத்து. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட கருத்துதான். எழுத்துக்கூட்டும் சலிப்பிலிருந்து பிள்ளைகளை விடுவிக்கலாம் என்று ஆசிரியர்கள் பலர் அதை விரும்பி ஏற்றனர். எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிப்பதே பயனளிக்கிறது என்று அந்நாட்டு அரசே அமைத்த நிபுணர் குழு 2000ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. ஆனாலும் பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் பழைய தடத்திலேயே நெடுங்காலம் ஓடின.

விளைவு என்ன? அந்நாட்டின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு முடிவுகள் நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 ஜனவரியில் வெளியாயின. நான்காம் வகுப்பில் 100க்கு 40 பிள்ளைகள் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. 'தேர்ச்சி' என்று அவர்கள் வைத்திருக்கும் கோடு சற்று உயரமானதுதான். அதைத் தாண்டியவர்கள் 31 பேர். ஆனால் அடிப்படைக்கோடு உயரமானதன்று. அதற்கும் கீழே பத்தில் நான்கு பிள்ளைகள் என்றால் எந்தச் சமாதானமும் செல்லாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லையேல் நான் நேர்மையற்றவனாவேன். 15 வயது மாணவருக்கான 2022ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தேர்வில், வாசிப்பில் அமெரிக்கா பெற்ற சராசரி 504. வளர்ந்த நாடுகளின் பொதுச் சராசரி 476 மட்டுமே. கணக்கில்தான் 465 என்று அவர்களின் சராசரியான 472க்கும் கீழே இறங்கியது, சிங்கப்பூர் 575. இதே தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் நம் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எங்கே நின்றோம் தெரியுமா? பட்டியலின் கடைசி மூன்று இடங்களுக்குள். அதன்பின் 2022 வரை நடந்த எந்தச் சுற்றிலும் இந்தியா அந்தத் தேர்வுக்கு உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்க்குமுன் நம் வீட்டு அட்டையைத் தேடி எடுப்பது நல்லதல்லவா?

ஒரே நாட்டில் அந்த மகளும் இந்த மகனும் எப்படி என்ற கேள்விக்கு விடை தேடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு காரில் புறப்பட்டேன். டியர்பார்னிலிருந்து கிழக்கே, டெட்ராய்ட் முழுவதையும் கடந்து ஜெஃபர்சன் அவென்யூவில் போனோம். பலகை அடித்த வீடுகள், புல் மண்டிய மனைகள், மூடிக்கிடக்கும் பள்ளிக் கட்டடம் ஒன்று, சன்னல்கள் இல்லாமல். 1966இல் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் படித்த மாநகரப் பள்ளிகளில் இன்று 50 ஆயிரத்தை ஒட்டியே படிக்கின்றனர். சற்றுத் தொலைவில் ஆல்டர் ரோடு என்று ஒரு குறுக்குத்தெரு. அதைத் தாண்டிய மறுகணமே நிழல் தரும் மரங்கள், வெட்டிச் சமன்செய்த புல்வெளி, பெரிய வீடுகள். அது கிராஸ் பாயின்ட் பார்க் என்னும் வேறு ஊர். வேறு ஊர் என்றால் வேறு பள்ளி மாவட்டம். நடுவே சுவர் இல்லை, வாயில் இல்லை, ஒரு தெருதான்.

அமெரிக்காவில் கல்வி என்பது மைய அரசின் சொத்தன்று. 1647ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 50 குடும்பம் உள்ள ஊர் ஒரு வாசிப்பு ஆசிரியரை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டனர். அன்று தொட்டு ஊரே பள்ளியை நடத்துகிறது. இன்று ஏறத்தாழ 13 ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஜமாஅத் நிர்வாகம்போல், ஊரார் தேர்ந்தெடுக்கும் குழுவினர் பாடத்தையும் செலவையும் தீர்மானிக்கின்றனர். பொறுப்பு ஊரிடம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஊரே ஏழையாகிவிட்டால்? டெட்ராய்டையும் சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்துக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைக்கலாம் என்ற திட்டத்தை 1974இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. எல்லைக்கோடு நிலைத்தது. 1994இல் மிஷிகன் மாநிலம் பள்ளியின் அன்றாடச் செலவுகளுக்குப் பெரும்பாலும் மாநில வரியிலிருந்தே கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது உண்மை. கட்டடச் செலவுக்கோ இன்றும் அந்தந்த ஊரின் சொத்துவரியைத்தான் நம்ப வேண்டும். விலைபோகாத வீடுகள் நிறைந்த ஊரில் எவ்வளவு வரி தேறும் என்று நீங்களே கணக்கிடுங்கள். 2009இல் தேசியக் கணக்குத் தேர்வில் டெட்ராய்ட் பிள்ளைகள் பெற்றது, அத்தேர்வின் வரலாற்றில் அதுவரை எவரும் பெறாத குறைந்த மதிப்பெண்.

2016இல் அம்மாநகரின் மாணவர்கள் எழுவர் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். எங்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரவில்லை என்பதே வழக்கு! எழுத்தறிவு அடிப்படை உரிமை என்று 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிபதிகள் இருவர் ஒப்பினர்; ஒருவர் மறுத்தார். அடுத்த மாதமே சமரசம் ஏற்பட, முழு அமர்வு அத்தீர்ப்பை விலக்கிவைத்தது. எனினும் சமரசத்தில் வாக்களித்தபடி 9 கோடியே 44 இலட்சம் டாலர் 2023இல் டெட்ராய்ட் பிள்ளைகளின் வாசிப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. தன் பள்ளிக்கூடத்தை நீதிமன்றத்தில் நிறுத்தும் துணிச்சலை எந்தப் பள்ளிக்கூடம் அப்பிள்ளைகளுக்குக் கொடுத்ததோ! இதைக் கேட்ட இரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை.

தினமும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மருமகனுக்கு நான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தேன். மக்தபில் அலிஃபுக்கு ஜபர், ஜேர், பேஷ் போட்டு ஓதிக்கொடுக்கிற அதே முறைதான். ஆங்கில எழுத்தின் ஒலி, இரண்டெழுத்துச் சேர்ந்தால் வரும் ஒலி, பிறகு சொல். படம் கிடையாது. முதல் பத்து நாள் பையன் என்னை வெறுத்தான் என்றே நினைக்கிறேன். மூன்றாம் வாரத்தில் பால் பெட்டியின் மேலிருந்த சொல்லைத் தானே கூட்டி வாசித்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டான்.

அக்டோபரில் பெற்றோர், ஆசிரியர் சந்திப்பு. தங்கையோடு நானும் போனேன். ஆசிரியை நடுவயதுப் பெண்மணி. பிள்ளையின் குணத்தையும் நண்பர்களையும் அவன் சிரிக்கும் வேடிக்கைகளையும் கூட அறிந்து வைத்திருந்தார். நான் தயங்கித் தயங்கிக் கப்பல் படத்தின் கதையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். இருபது ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். இப்போது மாற்றிக் கற்றுக்கொண்டிருக்கிறேன், முன்பு என்னிடம் படித்துப் போன பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது" என்றார். அதே மாதத்தில்தான் மிஷிகன் ஆளுநர் எழுத்தொலி முறையை வலியுறுத்தும் சட்டங்களில் கையெழுத்திட்டார். அவை நடைமுறைக்கு வருவதோ 2027ஆம் கல்வியாண்டில். ஏழை மாநிலமான மிசிசிப்பி 2013லேயே இவ்வழியில் சட்டம் இயற்றி, வாசிப்பில் ஏறத்தாழக் கடைசி இடத்திலிருந்து 2024இல் 9ஆம் இடத்துக்கு ஏறிவிட்டது.

இருபது ஆண்டுப் பழக்கத்தைப் பிழை என்று ஓர் அந்நியனிடம் ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை நான் அதுவரை சந்தித்ததில்லை. நானும் ஓர் ஆசிரியன்தான்.

என் பழக்கம் எனக்குத் தெரிந்ததும் அந்த வாரத்தில்தான். சின்னவனுக்கு ஃபீல் அத்தியாயத்தை ஓதிக்கொடுத்தேன். இரண்டு நாளில் மனனம் செய்தான். உச்சரிப்பில் நான் திருத்த அதிகமில்லை. முடிந்தது என்று எழுந்தபோது அவன் விடவில்லை. "இது எதைப் பற்றி மாமா?" யானைப் படையின் கதையைச் சொன்னேன். "பறவைகள் கல்லை எப்படித் தூக்கி வந்தன? கடைசியில் அந்த யானைகள் என்ன ஆயின?" என்று அடுக்கடுக்காகக் கேட்டான். யானைகளின்மேல் அவனுக்கு அவ்வளவு இரக்கம். பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை நூறு பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயத்தை நான் கற்பித்திருப்பேன்! ஒருவன்கூட யானைகளைப் பற்றிக் கேட்டதில்லை. அதில் யானை இருக்கிறது என்று நான் சொன்னதும் இல்லை.

இன்னொரு நாள் பள்ளியிலிருந்து வந்தவன் பெருமையோடு ஒரு செய்தி சொன்னான். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரம் எல்லாரும் பதுங்கியிருக்கும் பயிற்சி நடந்ததாம். "எங்கள் வகுப்பில் நான்தான் கொஞ்சமும் அசையாமல் இருந்தேன்." துப்பாக்கியோடு யாரேனும் வந்தால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை அது. டியர்பார்னுக்கு வடக்கே, அதே மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் 2021 நவம்பர் 30 அன்று ஒரு மாணவன் சுட்டதில் நான்கு பிள்ளைகள் மாண்டனர். தங்கை அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் பேச்சை மாற்றினார். உலகின் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இந்தப் பாடத்துக்கு இடமில்லை.

புறப்படுவதற்கு முந்தைய இரவு மூவரும் உட்கார்ந்தோம். "முடிவைச் சொல்லுங்கள் காக்கா" என்றாள் தங்கை. மச்சான், வாசிப்புதான் வந்துகொண்டிருக்கிறதே என்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: எழுத்துக்கூட்டுவதற்காக அவனை என்னோடு அனுப்ப வேண்டாம், அதை நீங்களே மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்துவிடலாம், அந்தக் கேள்வி கேட்கிற வாயை நம் ஊரில் நான் காப்பாற்றித் தருவேன் என்று இன்று என்னால் உறுதி கூற முடியாது. "அந்தக் கதவடைப்பு?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவளும் மீண்டும் கேட்கவில்லை.

நான் தனியாகத்தான் திரும்பினேன். வெள்ளிக்கிழமைகளில் மருமகன் கைப்பேசியில் முகம் காட்டி ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறான். படம் இருந்தால் நான் சொல்லாமலே அதைத் தன் கையால் மூடிக்கொள்கிறான். இங்கே மக்தபில், ஓதி முடித்த பிறகு பத்து நிமிடம் பொருள் சொல்வது என்று வைத்திருக்கிறேன். பாடம் பின்தங்குகிறதே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். தங்கை இன்னும் மனம் அமைதியடையவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாள், இன்ஷா அல்லாஹ். சின்னவனுக்குத் திரும்பும் பயணச்சீட்டும் எடுத்தாயிற்றா என்று நான் கேட்கவில்லை.